கொரிய ஒலியியலாளர் சன்-ஆ ஜுன்: ஒரு மொழியின் ஏற்ற இறக்கத்தில் முப்பது வருடம் ஆராய என்ன இருக்கிறது?

கயல்விழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். முதுகலை மொழியியல் கடைசி ஆண்டில் இருக்கிறேன். தற்கால ஒலியியலாளர் ஒருவரின் ஆய்வு வாழ்க்கையைப் பற்றி இந்தப் பருவத்தில் ஒரு கருத்தரங்கக் கட்டுரை கொடுக்க வேண்டும். வகுப்பில் பலர் பீட்டர் லேடஃபோகெட் பக்கம் போய்விட்டார்கள். நான் கொரிய மொழி கற்று வருவதால் கொரியர் ஒருவரை எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மொழியியல் பேராசிரியர் சன்-ஆ ஜுன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தலைப்பைப் பார்த்த எங்கள் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார். "சியோல் கொரியத்தில் ஆங்கிலம் மாதிரி சொல்லழுத்தம் கிடையாது. சீனம் மாதிரி தொனியும் கிடையாது. அப்படி இருக்கும்போது அந்த மொழியின் ஏற்ற இறக்கத்தில் முப்பது வருடம் ஆராய என்னம்மா இருக்கிறது? இதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கட்டுரையைத் தொடங்கு." நியாயமான கேள்வியாகத்தான் எனக்கும் படுகிறது.

அவருடைய முனைவர் பட்ட ஆய்வைப் புரட்டிப் பார்த்தேன். வரைபடங்கள் நிறைய, குறியீடுகள் அதைவிட நிறைய. அது எதைப் பற்றியது என்று யாராவது எளிய தமிழில் சொல்ல முடியுமா? அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போனார் என்பதும் தெரிந்தால் நல்லது. பட்டியல் போட்டு முடித்துவிட எனக்கு மனமில்லை.

கூடவே கற்பவளாக ஒரு சந்தேகம். நிலாவுக்கும் மகளுக்கும் முகமூடிக்கும் கொரியத்தில் மூன்று சொற்கள். தமிழில் எழுதினால் மூன்றுமே "தால்"தான். என் காதுக்கும் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகவே கேட்கிறது. இதற்கும் அவருடைய ஆய்வுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

சியோல் செந்தில்

கயல்விழி, நல்ல ஆளைப் பிடித்திருக்கிறீர்கள். நான் சியோலில் பேச்சுப் பதிவுகளுக்குக் குறியிடும் வேலை செய்கிறேன். முனைவர் பட்டமும் இதே துறையில்தான். ஜுன் வகுத்த முறையைத் தினமும் கையாளுகிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஆசிரியரின் கேள்வி. சொல்லழுத்தமும் இல்லை, தொனியும் இல்லை என்பதுதான் இந்த ஆய்வு முளைத்த இடமே. ஆங்கிலத்தில் குரல் ஏறவும் இறங்கவும் அழுத்தம் பெற்ற அசை ஒன்று சொல்லுக்குள் காத்திருக்கிறது. சீனத்தில் அசைக்கு அசை தொனி உண்டு. சியோல் கொரியத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் சியோல்காரர் இரண்டு பேர் பேருந்தில் பேசிக்கொண்டு வருவதைக் கேளுங்கள். குரல் ஒரு சீராக ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். சொல்லில் அதற்கு இடமில்லை என்றால் அது எங்கிருந்து வருகிறது?

1993-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேரி பெக்மனின் மாணவியாக ஜுன் முடித்த ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. அந்த ஏற்ற இறக்கம் தொடருக்குச் சொந்தமானது. ஒரு சொல்லோ, சேர்த்துச் சொல்லப்படும் இரண்டு மூன்று சொற்களோ ஒரு சிறிய தொடராகின்றன. ஆங்கிலத்தில் ஆக்சென்சுவல் ஃபிரேஸ் என்பார்கள். இங்கே சிறுதொடர் என்று வைத்துக்கொள்வோம். சியோல் பேச்சில் ஒவ்வொரு சிறுதொடருக்கும் தாழ், உயர், தாழ், உயர் என்று ஒரே மெட்டு. நான்கு அசையாவது இருந்தால் மெட்டு முழுதாகக் கேட்கும். அசை குறைந்தால் நடுவில் உள்ளவை விழுந்துவிடும். இப்படிப்பட்ட சிறுதொடர்கள் சேர்ந்தது பெருந்தொடர். அதன் கடைசி அசை நீளும், அதன்மேல் ஒரு முடிவுச் சுரம் ஏறும். சாதாரணமாகச் சொன்னானா, கேட்டானா, வற்புறுத்தினானா, எரிச்சல்பட்டானா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கடைசி அசையில்தான் தெரியும்.

அந்த ஆய்வில் சியோல் பேச்சு மட்டும் இல்லை. தென்மேற்கே ஜொல்லா பகுதியின் வழக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அங்கே மெட்டு வேறு. சிறுதொடர் உயர்வில் முடியாமல் தாழ்வில் முடிகிறது. மெட்டு வேறு, ஆனால் சிறுதொடர் என்ற அடுக்கு இரண்டு வழக்குக்கும் பொது. அவருடைய வாதம் நின்றது இந்த ஒப்பீட்டால்தான் என்பது என் கருத்து. கட்டுரையில் இதை விட்டுவிடாதீர்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தமிழ் பேசுகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

தமிழில் "படகு" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் பகரத்தில் குரல்நாண் அதிர்வதில்லை. உள்ளே வரும் டகரமும் குகரமும் உயிர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அதிர்ந்து ஒலிக்கின்றன. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. கொரியத்திலும் இதே கதைதான். பை என்பதற்குக் கொரியச் சொல் "கபாங்". தொடக்கத்தில் வரும் ககரம் அதிர்வதில்லை, நடுவில் வரும் பகரம் அதிர்கிறது. இதுவரை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருப்பதுதான்.

"நே கபாங்" என்றால் "என் பை". அப்போது ககரம் என்ன ஆகும்? இரண்டு சொல்லையும் ஒரே சிறுதொடராகச் சொன்னால் ககரமும் அதிர்ந்துவிடும். "என்" என்பதை அழுத்திச் சொல்லிவிட்டு, "பை"யில் புதிதாக ஒரு சிறுதொடர் தொடங்கினால் அதிராது. வாக்கியம் அதே, இலக்கணம் அதே. எங்கே வெட்டினோம் என்பது மட்டும் மாறுகிறது. மெய்யொலியும் அதோடு மாறுகிறது. அதுவரை இந்த எல்லைகளை வாக்கிய இலக்கணத்திலிருந்து கணித்துவிடலாம் என்று பலர் எழுதிவந்தார்கள். ஜுன் வேறு மாதிரி பார்த்தார். வேகமாகப் பேசினால் எல்லை குறைகிறது, மெதுவாகப் பேசினால் கூடுகிறது. சொல்லின் நீளமும் பேசுபவர் எதை முன்னிறுத்துகிறார் என்பதும் எல்லையை நகர்த்துகின்றன. ஆகவே குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் எல்லையைக் காண வேண்டும் என்றார். அந்த அதிர்வும் உண்டு, இல்லை என்று இரண்டாகப் பிரியாமல் கூடியும் குறைந்தும் வருவதை அளந்து காட்டினார்.

ஏற்ற இறக்கம் பேச்சின்மேல் தெளித்த அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பதில். மெய்யொலி எப்படி ஒலிக்கும் என்பதையே அது தீர்மானிக்கிறது.

இன்னொரு எடுத்துக்காட்டையும் தந்துவிடுகிறேன். "ம்வோ மொகொயோ?" என்று கொரியத்தில் கேட்டால் "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்றும் பொருள், "ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்றும் பொருள். தமிழில் "என்ன", "ஏதாவது" என்று சொல்லே பிரிந்துவிடுகிறது. கொரியப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும். வினாச்சொல்லும் வினைச்சொல்லும் ஒரே சிறுதொடராக ஓடினால் "என்ன". வினைச்சொல்லில் குரல் மறுபடி தாழ்விலிருந்து கிளம்பினால் "ஏதாவது". இதைப் பற்றி இன்னொரு ஆய்வாளருடன் சேர்ந்து 1996-இல் எழுதினார். கொரியம் படிக்கிற ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டிய கட்டுரை அது.

அடுத்தது குறியீட்டு முறை. பேச்சின் ஏற்ற இறக்கத்தைக் குறித்துவைக்க ஆங்கிலத்துக்கு டோபி என்று ஒரு முறை இருந்தது. அதைப் பின்பற்றிக் கொரியத்துக்குப் பெக்மனும் ஜுன்னும் சேர்ந்து ஒன்றை வகுத்தார்கள். கே-டோபி என்று பெயர். அதன் மூன்றாம் பதிப்பை 2000-இல் ஜுன் வெளியிட்டார். என் திரையில் தினமும் இருப்பது அதுதான். மேலே ஒலியலை, அதற்குக் கீழே குரலின் உயரத்தைக் காட்டும் கோடு, அதற்கும் கீழே ஐந்து வரிசைகள். ஒன்றில் சொற்கள். ஒன்றில் தொடரின் எல்லையைச் சொல்லும் சுரங்கள். ஒன்றில் குரல் உண்மையில் எப்படிப் போனது என்பது. ஒன்றில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதற்குச் சுழியம் முதல் 3 வரை ஓர் எண். கடைசியில் சிரிப்பு, இருமல், தயக்கம் போன்ற குறிப்புகள். பெருந்தொடரின் முடிவுச் சுரத்துக்கு மட்டும் ஒன்பது வகை.

இதில் சுர வரிசை இரண்டாக இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று நாம் கண்ட அமைப்பு, மற்றது காதும் கோடும் சொல்வது. இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத இடங்களை மறைக்காமல் எழுதிவைக்க முறையிலேயே ஒரு வரிசை ஒதுக்கியிருக்கிறார். பதிவுகளோடு நாள் முழுக்க உட்கார்ந்தவருக்குத்தான் இப்படி ஒன்றைச் செய்யத் தோன்றும். அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

"தால்" பற்றி நாளை எழுதுகிறேன், அதற்குள் வேறு யாராவது எழுதினாலும் நல்லது.

மீனாட்சி, ஒரகடம்

நான் ஒரு கொரிய நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன். கயல்விழி கேட்ட மூன்று "தால்" பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மகளுக்கான சொல் தமிழில் "பத்து" என்பதில் வரும் இரட்டைத் தகரத்துக்கு நெருக்கம். மூச்சே வெளியே வராது, தொண்டையை இறுக்கிச் சொல்ல வேண்டும். அதை நம்மவர்கள் சீக்கிரம் பிடித்துவிடுவார்கள். நிலாவும் முகமூடியும்தான் தொல்லை. முகமூடியில் மூச்சு அதிகம் என்று சொல்லித் தருவார்கள். உள்ளங்கையை வாய்முன் வைத்துப் பார் என்பார்கள். ஆனால் எங்கள் அலுவலகத்தில் இளம் பொறியாளர்கள் பேசும்போது இரண்டிலுமே மூச்சு வருவதாகத்தான் எனக்குப் படுகிறது. குரல் உயரத்தைக் கவனிக்க ஆரம்பித்த பிறகு எனக்குத் தெளிந்துவிட்டது. நிலா தாழ்ந்து தொடங்கும், முகமூடி உயர்ந்து தொடங்கும். வயதான மேலாளர்கள் பேசும்போது மூச்சையே நம்பலாம்.

இது நான் காதால் கேட்டது. இதற்கு ஆய்வு ஏதாவது இருக்கிறதா, செந்தில் சார்?

சியோல் செந்தில்

மீனாட்சி, உங்கள் காது ரொம்பச் சரியாகக் கேட்டிருக்கிறது.

க, த, ப போன்ற வெடிப்பொலி வெடித்ததிலிருந்து குரல்நாண் அதிரத் தொடங்கும் வரை ஒரு சின்ன நேரம் ஆகும். மில்லிவினாடிக் கணக்கு. முன்பெல்லாம் முகமூடியில் அது நீளம், நிலாவில் அதைவிடக் குறைவு. 2006-இல் டேவிட் சில்வா ஒரு கட்டுரை எழுதினார். ஏறக்குறைய 1965-க்குப் பிறகு பிறந்த சியோல் வழக்கினரிடம் இந்த இரண்டு நேரமும் ஒன்றையொன்று நெருங்கிவிட்டன, வேறுபாட்டைக் குரல் உயரம் சுமக்கிறது என்று காட்டினார். பிறகு டொராண்டோவில் இருக்கும் கொரிய ஒலியியலாளர் யூன்ஜங் காங் பல வயதினரின் வாசிப்புப் பதிவுகள் அடங்கிய ஒரு பெரிய தொகுப்பை ஆராய்ந்து 2014-இல் எழுதினார். இந்த மாற்றத்தில் பெண்கள் முன்னால் போகிறார்கள், ஆண்கள் பின்னால் வருகிறார்கள் என்று அதில் தெரிந்தது. உங்கள் பொறியாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் உள்ள வேறுபாடு அதுவேதான்.

ஜுன் இதில் எங்கே வருகிறார்? சிறுதொடர் தாழ்வில் தொடங்கும் என்று மேலே எழுதினேன். அது பாதிதான். மூச்சொலியிலோ இறுக்கமான மெய்யிலோ சகர ஹகரங்களிலோ தொடங்கும் சிறுதொடர் உயர்வில் தொடங்கும். "நாமு" என்றால் மரம், தாழ்வில் தொடங்கும். "சாராம்" என்றால் ஆள், உயர்வில் தொடங்கும். 1993-லேயே இதைத் தன் மெட்டுக்குள் ஒரு விதியாக வைத்துவிட்டார். மற்ற மொழிகளிலும் மெய்யொலி அடுத்த உயிரின் குரலைக் கொஞ்சம் ஏற்றும், இறக்கும்; அது கண நேரத்தில் அடங்கிவிடும். கொரியத்தில் அது அடங்காமல் தொடரின் மெட்டையே மாற்றுகிறது. சியோல் கொரியம் தொனி மொழியாக மாறுகிறதா என்று இன்று நடக்கும் விவாதத்துக்கு அந்த விதியைத் தொடாமல் யாரும் போக முடியாது.

2002-இல் டேஹொங் சோ, ஜுன், லேடஃபோகெட் மூவரும் சேர்ந்து ஜர்னல் ஆஃப் ஃபோனெட்டிக்ஸ் இதழில் சியோல், ஜேஜு தீவு ஆகிய இரண்டு வழக்கின் வெடிப்பொலிகளையும் உரசொலிகளையும் அளந்து எழுதினார்கள். ஒலியை மட்டுமல்ல, வாய்க்குள் உள்ள காற்றழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் சேர்த்து அளந்தார்கள். டேஹொங் சோ பிறகு சியோல் ஹன்யாங் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி அங்கே ஒலியியல் ஆய்வுக்கூடத்தை வளர்த்தார். அந்த இதழின் தலைமை ஆசிரியராகவும் ஆனார்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "இல்" என்றால் கொரியத்தில் எண் ஒன்று. வேலைக்கும் நாளுக்கும்கூட அதே ஒலிதான். உயிரில் தொடங்குவதால் ஜுன்னின் விதிப்படி மூன்றுமே தாழ்வில் தொடங்க வேண்டும். ஆனால் இளம் சியோல் வழக்கினர் எண்ணை மட்டும் உயர்த்திச் சொல்கிறார்கள். தன் விதிக்கு அடங்காத இந்தச் சின்னச் சொல்லை எடுத்துக்கொண்டு 2015-இல் ஒரு முழுக் கட்டுரையே எழுதினார். தன் விதி எங்கே உடைகிறது என்று தானே போய்ப் பார்க்கிற ஆள். முப்பது வருடம் என்ன இருக்கிறது என்று கேட்ட உங்கள் ஆசிரியருக்கு இதைச் சொல்லுங்கள், கயல்விழி.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா கயல்விழி, பிள்ளைகள் நன்றாக எழுதியிருக்கிறார்கள். முன்னோர் வரிசையைக் கொஞ்சம் சேர்த்துவிடுகிறேன். ஒருவரின் பணியைத் தனியாக நிறுத்திக் காட்டினால் கட்டுரை மெலிந்துவிடும்.

அந்த மூன்று வகை வெடிப்பொலியை உலக ஒலியியலின் நடுவுக்குக் கொண்டுவந்தவர் சின்-வூ கிம். அவரும் கொரியர், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். மூன்றையும் கால இடைவெளியால் மட்டும் பிரித்துவிட முடியாது, இறுக்கம் என்பது தனிக் கூறு என்று 1965-இல் எழுதினார். 1970-இல் ஃபொனெட்டிகா இதழில் மூச்சொலி என்றால் என்ன என்பதற்கே ஒரு விளக்கம் கொடுத்தார். கொரிய வெடிப்பொலிகளை எக்ஸ்ரே படச்சுருளில் பதிவுசெய்து பார்த்து, மெய் வெடிக்கிற நொடியில் குரல்வளை எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவுக்கு மூச்சு வரும் என்றார். சில பக்கங்களே கொண்ட கட்டுரை. அந்தக் காலத்தில் அதை வகுப்பில் நடத்தும்போது எனக்கே உற்சாகமாக இருக்கும். மொழியைப் பற்றிய ஒரு பொது உண்மைக்குக் கொரியம் சாட்சி சொன்னது என்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வேன்.

கொரியாவிலேயே இருந்து துறையை நிறுத்தியவர் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹியன்-பொக் லீ. லண்டனில் ஒலியியல் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். பன்னாட்டு ஒலியியல் கழகம் 1999-இல் வெளியிட்ட கையேட்டில் கொரியப் பகுதி அவர் எழுதியது. ஹங்குல் என்ற கொரிய எழுத்துகளை அடிப்படையாக வைத்தே ஓர் ஒலிக்குறி முறையையும் உருவாக்கினார். வட தாய்லாந்தின் லாஹு மக்களுக்கு அந்த எழுத்தைக் கற்பிக்கவும் முயன்றார். அவர் வழி வேறு, ஜுன் வழி வேறு. லீ தலைமுறைக்குத் தனித்தனி ஒலிகளைத் துல்லியமாகக் குறித்துவைப்பது பெரிய வேலை. ஜுன் தலைமுறை அந்த ஒலிகள் தொடருக்குள் போனால் என்ன ஆகின்றன என்று கேட்டது.

ஹங்குலைப் பற்றியும் ஒரு வரி எழுதிக்கொள். 1446-இல் அந்த எழுத்தை அறிவித்தபோது கூடவே வந்த விளக்க நூல், எழுத்தின் வடிவத்தை வாயின் உறுப்புகளை வைத்துச் சொல்கிறது. ககர எழுத்து நாவடி தொண்டையை அடைக்கிற வடிவம், நகரம் நாநுனி மேலே தொடுகிற வடிவம். அந்தக் காலத்துக் கொரியத்தில் சொற்களுக்குத் தொனி வேறுபாடும் இருந்தது. எழுத்துக்கு இடப்பக்கம் புள்ளியில்லை என்றால் தாழ்வு, ஒரு புள்ளி என்றால் உயர்வு, இரண்டு என்றால் ஏறுவது. சியோல் பேச்சு அதை இழந்தது. தென்கிழக்கே கியொங்சாங் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. செந்தில் தம்பி சொன்ன குரல் உயர மாற்றத்தைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொண்டால் சுவை கூடும்.

லேடஃபோகெட் பெயர் வந்ததால் நம் பக்கத்துச் செய்தி ஒன்று. நீலகிரியில் தோடர் மொழியின் ஒலிகளை, குறிப்பாக நா ஆடி எழும் அதன் ஆடொலிகளை, பெரி பாஸ்கரராவுடன் சேர்ந்து ஆராய்ந்தவர் அவர். 2006 ஜனவரியில் இந்தியாவில் ஆய்வுப் பயணம் முடித்துத் திரும்பும் வழியில் லண்டனில் இறந்தார்.

கயல்விழி

ஐயா, செந்தில் அண்ணா, மீனாட்சி அக்கா, மூவருக்கும் நன்றி. "நே கபாங்" இரண்டு விதமாகவும் பதிவுசெய்து, ஒலியை வரைபடமாகக் காட்டும் பிராட் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். எனக்குப் பாடம் எடுக்கும் கொரிய ஆசிரியைதான் பேசினார். சேர்த்துச் சொன்னதில் ககரத்தின் அடியில் அதிர்வு பட்டை போலத் தெரிகிறது. பிரித்துச் சொன்னதில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அவருக்கே ஆச்சரியம், தான் மாற்றிச் சொல்வதாகவே அவருக்குத் தெரியவில்லை என்றார்.

எங்கள் ஆசிரியரிடம் காட்டினேன். வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அடுத்த கேள்வி: "இது கொரியத்துக்கு மட்டும்தானா, மற்ற மொழிக்காரர்களுக்கு இதில் என்ன கிடைத்தது?" தமிழுக்கு ஏதாவது உண்டா என்றும் கேட்கிறார்.

சியோல் செந்தில்

உண்டு. அவருடைய வாழ்க்கையின் இரண்டாம் பாதியே அதுதான்.

கொரியத்துக்குப் பிறகு செசீல் ஃபூஜெரோன் என்ற பிரெஞ்சு ஒலியியலாளருடன் சேர்ந்து பிரெஞ்சை எடுத்தார். அங்கேயும் சொல்லுக்கு மேல் ஒரு சிறுதொடர், அதற்கு ஒரு மெட்டு. தூரத்து மொழிகள் இரண்டு ஒரே மாதிரி வேலை செய்கின்றன என்றால், எத்தனை மாதிரிகள்தான் உலகில் இருக்கும் என்ற கேள்வி வரும் இல்லையா? 2005-இல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக ஒரு தொகுப்பைப் பதிப்பித்தார். கிரேக்கம், கான்டனீஸ், அமெரிக்கப் பழங்குடி மொழியான சிக்கசா, ஆஸ்திரேலியாவின் பினிஞ் குன்-வொக் என்று பல மொழிகளின் ஏற்ற இறக்கம் அதில் உள்ளது. எல்லாம் ஒரே முறையில் விவரிக்கப்பட்டதால் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது. அதற்கு முன் ஆளுக்கு ஒரு குறியீடு. ஒருவர் எழுதியது இன்னொருவருக்கு உதவாது.

2014-இல் இரண்டாம் தொகுப்பு. அதில் ஜார்ஜியன், மங்கோலியம், மேற்கு கிரீன்லாந்து மொழி எல்லாம் உண்டு. வங்காளம் பற்றி எழுதியவர் சமீர் உத் தௌலா கான்; லாஸ் ஏஞ்சலிஸில் ஜுன்னிடம் முனைவர் பட்டம் பெற்றவர். தமிழ் இயலும் உண்டு. எழுதியவர் ஆக்ஸ்ஃபோர்டின் எலினோர் கீன்; பன்னாட்டு ஒலியியல் கழக இதழில் 2004-இல் தமிழ் ஒலிகளுக்கான விளக்கத்தை எழுதியவரும் அவர்தான். தமிழிலும் சிறுதொடர் உண்டு என்கிறார் கீன். தொடக்கத்தில் குரல் தாழ்ந்து, முடிவை நோக்கி ஏறுகிறது. அடுத்த தொடரில் மறுபடி தாழ்ந்து ஏறுகிறது. "நேத்து சாயங்காலம் மாமா வீட்டுல" என்று யாராவது கதை சொல்லத் தொடங்கும்போது கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு துண்டும் மேலே போய் நிற்கும், வினைச்சொல் வரும்போது இறங்கும்.

அந்தத் தொகுப்பின் கடைசி இயலை ஜுன்னே எழுதினார். ஒரு மொழியின் குரல் எவ்வளவு சீராக ஏறி இறங்குகிறது என்பதையே ஓர் அளவுகோலாக்கலாம் என்கிறார். மேக்ரோ-ரிதம் என்று பெயர் வைத்தார். அசைகளும் அழுத்தங்களும் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகின்றன என்பதை வைத்து மொழிகளின் தாளத்தைப் பிரித்த பழைய முறைக்குப் பக்கத்தில் இது இன்னொரு வழி. எனக்கு இதில் ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. சீரை எப்படி அளப்பது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு கருத்துக்கு வரவில்லை. படித்த வாக்கியத்தில் தெரியும் சீர், ஆட்கள் சண்டை போடும்போதும் தெரியுமா என்பது திறந்த கேள்விதான். கட்டுரையில் பாராட்டோடு இதையும் எழுதுங்கள்.

உங்கள் ஆசிரியர் தமிழைக் கேட்டதால் ஒரு யோசனை. கொரியத்துக்குச் செய்ததையே தமிழுக்கும் செய்து பாருங்கள். உயிரெழுத்திலும் மெல்லின இடையினத்திலும் ஆன சொற்களாகத் தேர்ந்தெடுங்கள். வல்லினம் வந்தால் குரல்கோடு அறுந்துபோகும். "மாலினி மாமா வீட்டுல" என்பதில் "வீட்டுல" கெடுக்கும், "மாலினி மாமனை மாலையில்" என்பதில் ஒன்றும் கெடாது. அதே வாக்கியத்தை வேகமாக, மெதுவாக, "மாலினி"யை அழுத்தி என்று மூன்று விதமாக நாலைந்து பேரிடம் பதிவுசெய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவுசெய்யுங்கள். கோடு எங்கெங்கே மறுபடி தாழ்விலிருந்து கிளம்புகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். கோப்புகளை இங்கேயே போட்டால் நானும் குறியிட்டு அனுப்புகிறேன். இரண்டு பேர் குறித்ததும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்க்கலாம்.

மீனாட்சி, ஒரகடம்

பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் தயார், கயல்விழி. என் அம்மாவும் பேசுவார். அவருக்குத் திருநெல்வேலிப் பேச்சு, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு அமைதியாக இருக்கும்.